இரண்டாவது மலையை வரைந்தவன் எழுதுவது

மழலையர் பள்ளிகளையும் தொடக்கப் பள்ளிகளையும் நடத்துகிற தாளாளர்களுக்கும், தலைமை ஆசிரியர்களுக்கும், வகுப்பு ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். ராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர், கமுதி வட்டாரத்துப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் மேல் வேலை பார்த்தேன். பிள்ளைகள் என்னிடம் ஆறாம் வகுப்பில்தான் வந்து சேர்வார்கள். அதுவரை உங்களிடம் இருப்பார்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் புது ஆறாம் வகுப்புக்குள் போனதும் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, "உனக்குப் பிடித்ததை வரை" என்பேன். நாற்பது பேரில் முப்பது பேராவது ஒரே படத்தைத்தான் வரைவார்கள். அந்தப் படம் உங்களுக்கும் தெரியும். முக்கோணமாக இரண்டு மலை. நடுவில் பாதிச் சூரியன், சுற்றிலும் குச்சி குச்சியாகக் கதிர். மலையடியிலிருந்து ஓர் ஆறு வளைந்து வளைந்து இறங்கும். இந்தப் பக்கம் ஓர் ஓட்டு வீடு, அந்தப் பக்கம் சாய்ந்த தென்னை. வானத்தில் டிக் அடித்ததுபோல நாலு பறவை. கீழே 'இயற்கைக் காட்சி' என்று தலைப்பு வேறு.

எங்கள் பக்கம் மலையே கிடையாது. கண்ணுக்கெட்டும் தூரம் தட்டை நிலம். பனை, சீமைக்கருவேலம், கண்மாய், மாசி பங்குனியில் களத்தில் சிவப்பாகக் காயும் முண்டு மிளகாய். குண்டாறு என்று ஓர் ஆறு உண்டு. வருடத்தில் பாதி நாளுக்கு மேல் அது மணல்தான். சூரியன் எங்களுக்குக் கருவேலங்காட்டுக்குப் பின்னாலிருந்துதான் எழும்பும். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் மலையை நேரில் பார்த்ததில்லை. இருந்தாலும், படம் என்றால் இரண்டு மலை.

இதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று விசாரித்துக்கொண்டே போனால் கடைசியில் என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும். எனக்குச் சொல்லிக்கொடுத்த டிராயிங் மாஸ்டர் போர்டில் மலை போட்டார், நான் பார்த்துப் போட்டேன். பிறகு நான் போட்டேன், என் பிள்ளைகள் பார்த்துப் போட்டார்கள். அவர்களில் சிலர் உங்கள் பள்ளிகளில் டீச்சர்கள் ஆனார்கள். அப்புறம் என்ன, வட்டம் முடிந்தது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். ஆறாம் வகுப்பு, அதிகம் பேசமாட்டான். மற்றவர்களெல்லாம் இரண்டு மலை போட்டுக்கொண்டிருந்தபோது அவன் தாளில் ஒரே ஒரு மலைதான் இருந்தது. அதுவும் முக்கோணமாக இல்லை, கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி. பென்சிலை அழுத்தித் தேய்த்துக் கறுப்பாக்கியிருந்தான். அடியில் சுற்றிலும் சின்னச் சின்ன வட்டங்கள். உச்சியிலிருந்து கோடு கோடாக என்னவோ மேலே போனது. நான் அவன் கையிலிருந்த பென்சிலை வாங்கினேன். "மலை இப்படியாடா இருக்கும்?" என்று அந்த வட்டங்களை ரப்பரால் அழித்தேன். பக்கத்தில் அழகாக இரண்டாவது மலையை வரைந்தேன். நடுவில் சூரியனையும் வைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனேன்.

ஒரு வாரம் கழித்து அவன் ஊர் வழியாகப் போகிற வேலை வந்தது. ரோட்டோரத்தில் கரிமூட்டம் போட்டிருந்தார்கள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கருவேல விறகை நெருக்கி அடுக்கி, மேலே தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீயை விட்டு நாள்கணக்கில் புகைய விடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கவிழ்த்து வைத்த சட்டி மாதிரிதான் இருக்கும். அடியில் சுற்றிலும் காற்றுப் போகத் துவாரங்கள். எந்தத் துவாரத்தை எப்போது திறந்து எப்போது அடைக்க வேண்டும் என்பதில்தான் மூட்டம் போடுகிறவரின் தொழிலே இருக்கிறது. காற்று கூடிவிட்டால் உள்ளே கரி இருக்காது, சாம்பல்தான் இருக்கும். அவன் அப்பா குனிந்து ஒரு துவாரத்தை மண் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவன் மண்சட்டியோடு நின்றான். என்னைப் பார்த்ததும், "வணக்கம் சார்" என்றான்.

நான் ரப்பரால் அழித்தது அந்தத் துவாரங்களைத்தான்.

அதற்கப்புறம் அவன் என் வகுப்பில் இரண்டு மலைதான் வரைந்தான். நன்றாகவே வரைந்தான்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அவன் தன் கரிமூட்டத்தை ஆறாம் வகுப்பு வரைக்கும் காப்பாற்றிக் கொண்டுவந்திருக்கிறான். பெரும்பாலான பிள்ளைகள் தங்களுடையதை எல்கேஜி, யூகேஜியிலேயே தொலைத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள்.

எப்படித் தொலைகிறது என்பதை ஓய்வுபெற்ற பிறகு வீட்டிலேயே பார்த்தேன். என் பேத்தி ஒரு தனியார் பள்ளியில் யூகேஜி படிக்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை அச்சடித்த மயில் ஒன்று வந்தது. தோகைக்குப் பச்சைப் பயறு, உடம்புக்கு நீலச் சாயம் போட்ட அரிசி, கண்ணுக்கு மிளகு. ஒட்டித் திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகள் பசை டப்பாவோடு உட்கார்ந்தாள். பேத்தி ஒரு கை பயறை அள்ளினாள். "நீ கெடுத்துருவ, தாத்தாகிட்டப் போ" என்று துரத்திவிட்டாள். கொஞ்ச நாள் கழித்துப் பள்ளியில் கண்காட்சி வைத்தார்கள். சுவர் நிறைய ஒரே மயில். "உன்னுடையது எதும்மா?" என்றேன். "அம்மா செஞ்சது அது" என்று விரலை நீட்டினாள். பிள்ளைக்குக் கணக்குத் தெளிவாக இருக்கிறது. நமக்குத்தான் இல்லை. கீழே அவள் பெயரை ஒட்டி, 'குட்', ஸ்டார் எல்லாம் போட்டிருந்தார்கள்.

என் மகளைக் குறை சொல்லமாட்டேன். மற்ற அம்மாக்களின் மயில் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். டீச்சரையும் குறை சொல்லமாட்டேன். சுவர் காலியாக இருந்தால் உங்களிடம் பதில் சொல்ல வேண்டியது அவர்தான். சுவருக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்வது நீங்கள்.

பிள்ளை வரைவதற்கென்று ஒரு வரிசை இருக்கிறது. எந்த ஊர்ப் பிள்ளைக்கும் ஏறக்குறைய அதே வரிசைதான். ஒன்றரை, இரண்டு வயதில் தோளிலிருந்து கையை வீசிக் கிறுக்கும். மூன்றை ஒட்டி, ஆரம்பித்த இடத்திலேயே கோட்டைக் கொண்டுவந்து சேர்த்து ஒரு வட்டம் போடும். அது பெரிய நாள், நாம்தான் கவனிப்பதில்லை. கொஞ்ச நாளில் அந்த வட்டத்துக்குக் கண் வரும், வட்டத்திலிருந்தே நேராக இரண்டு கால் இறங்கும். வயிறு கிடையாது. 'அம்மா' என்று காட்டும். ஐந்து வயதுவாக்கில் தாளின் அடியில் ஒரு தரை வரும், எல்லாம் அதன்மேல் வரிசையாக நிற்கும். வீட்டை வரைந்தால் சுவருக்குள்ளே இருக்கிற ஆட்களும் தெரிவார்கள். பாட்டி பஸ்ஸைவிடப் பெரிதாக இருப்பாள், ஏனென்றால் பாட்டிதான் முக்கியம். இவையெல்லாம் தப்பு இல்லை. பிள்ளை தனக்குத் தெரிந்ததை வரைகிறது. கண்ணுக்குத் தெரிவதை வரைய ஆரம்பிப்பது பிறகுதான். எட்டு, ஒன்பது வயதில் 'நிஜம் மாதிரி இல்லையே' என்ற கவலை தானாகவே வந்துவிடும். அந்தக் கவலையை நாலு வயதிலேயே ஊட்டிவிட்டால் ஒன்பது வயதில், "எனக்கு டிராயிங் வராது சார்" என்று வந்து நிற்கும். என்னிடம் அப்படி வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர்.

கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள். பிறக்கும்போது எட்டுமே குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் தெரியாது. ஒவ்வொன்றாகத்தான் கெட்டிப்படத் தொடங்கும். மூன்றரை வயதுப் பிள்ளையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் மூன்று, நான்குதான் கண்ணுக்குப் படும். கடைசி எலும்பு தலைகாட்ட ஒன்பது வயதுக்கு மேல் ஆகும். இந்தக் கையில்தான் பென்சிலைத் திணித்து நாலு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதச் சொல்கிறோம். அந்தக் கைக்கு அந்த வயதில் வேண்டியது மாவு பிசைவதும், களிமண் உருட்டுவதும், தாளைக் கிழிப்பதும், மணி கோப்பதும். எழுதுகிற விரல் அதிலிருந்துதான் தயாராகிறது.

இத்தனைக்கும், உங்கள் போர்டில் இருக்கிற 'கேஜி' என்ற இரண்டு எழுத்து எங்கிருந்து வந்தது? ஜெர்மனியில் ஃபிரோபெல் என்பவர் 1837இல் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கி, 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயர் வைத்தார். அங்கே கைவேலைதான் நடுநாயகம். தாள் மடிப்பது, தாள் பட்டைகளைப் பாய் முடைவதுபோலப் பின்னுவது, களிமண், ஊறவைத்த பட்டாணியில் குச்சியைக் குத்திக் குத்தி வீடும் கோபுரமும் கட்டுவது. நமக்கு அவரிடமிருந்து பெயர் வந்து சேர்ந்தது, பட்டாணி வந்து சேரவில்லை. (கொண்டைக்கடலையும் ஈர்க்குச்சியும் வைத்துப் பேத்தியோடு செய்து பார்த்தேன். நன்றாக வருகிறது. இரவு ஊறவைத்தால் போதும்; அதிகம் ஊறினால் பிளந்துவிடும்.)

"கோலம்கூடப் பார்த்துத்தானே போடுகிறார்கள்? பார்த்து வரைந்தால் என்ன தப்பு?" என்று ஒரு தலைமை ஆசிரியை என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான், நானும் இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் தெருவில் மார்கழியில் பார்க்கிறேனே. அம்மா நடுவாசலில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுகிறாள். நாலு வயது மகளுக்கு ஒரு கை மாவைக் கொடுத்து, "அந்த ஓரத்துல போட்டுக்கோ" என்கிறாள். பிள்ளை கொட்டுகிறது, இழுக்கிறது, விரலால் குழப்புகிறது. யாரும் திருத்துவதில்லை. மார்க் போடுவதில்லை. மறுநாள் காலையில் தண்ணீர் தெளித்தால் இரண்டு கோலமும் ஒன்றாகத்தான் போகிறது. ஏழெட்டு வயதில் அந்தப் பிள்ளை தானாக வந்து, "ஊடுபுள்ளி எப்படிம்மா வைக்கிறது?" என்று கேட்கும். அப்போது சொல்லிக்கொடுக்கலாம். என் கேள்வி, உங்கள் பள்ளியில் அந்த ஓரம் எங்கே இருக்கிறது?

தனியாக ஓவிய ஆசிரியர் வேண்டும் என்று கேட்கப் போகிறேன் என நினைத்துவிடாதீர்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, தன் அட்டவணையில் கலை ஆசிரியரைப் பற்றிச் சொல்வது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், பகுதிநேரமாக. அதன்படிதான் 2012இல் நம் மாநிலத்தில் ஓவியம், உடற்கல்வி, தையல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள், மாதம் ஐயாயிரம் ரூபாய்ச் சம்பளத்தில். அவர்கள் கதை வேறு கதை, இங்கே வேண்டாம். ஒன்று முதல் ஐந்து வரை வகுப்பு ஆசிரியர்தான் எல்லாம். என்னைக் கேட்டால் அது நல்லதுக்குத்தான். ஹையர் கிரேடு ஓவியத் தேர்வு பாஸ் பண்ணி, மாம்பழத்துக்கு நிழல் போடக் கற்று வந்த என் போன்றவர்களை நாலு வயதுப் பிள்ளை பக்கத்தில் உட்காரவைத்தால் கை சும்மா இருக்காது. வரையத் தெரியாத டீச்சர்தான் அங்கே தேவை. தெரியாததால் திருத்தமாட்டார்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்பீர்கள்.

முதலில் நேரம். வாரக் கடைசி பீரியடை டிராயிங் என்று போட்டுவைத்து, அதையும் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்கிற வழக்கத்தை விடுங்கள். நாற்பது நிமிடத்தில் சின்னப் பிள்ளைக்குக் களிமண் கையில் பழகவே பாதி நேரம் போய்விடும். காலையில் ஒரு முழு மணி நேரம், வாரத்துக்கு இரண்டு நாள். அந்த நாளில் வெள்ளைச் சட்டை யூனிஃபார்ம் வேண்டாம். அழுக்காகும் என்ற பயம் பிள்ளைக்கு இருந்தால் கை நீளாது, அம்மாவுக்கு இருந்தால் வீட்டில் அடி விழும்.

அடுத்தது சாமான். இதற்குப் பெரிய செலவில்லை. அலுவலகத்தில் வீணாகிற ஒன்சைடு பேப்பர், மாதம் முடிந்த காலண்டர் தாள், கல்யாணப் பத்திரிகை அட்டை. பசைக்கு மைதாவைக் காய்ச்சினால் போதும். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள்போல அதில் மயில்துத்தம் மட்டும் போட்டுவிடாதீர்கள், அது விஷம், பிள்ளைகள் பசையை நக்கும். வேப்பங்குச்சியின் நுனியை நசுக்கினால் பிரஷ். செம்மண், மஞ்சள்தூள், அடுப்புக்கரி மூன்றிலும் வருகிற நிறங்களைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். பூவரச இலையில் பீப்பி, ஓலையில் காற்றாடி, சோளத்தட்டையில் வண்டி செய்யத் தெரிந்த ஒரு பாட்டியோ தாத்தாவோ ஒவ்வொரு ஊரிலும் இன்னும் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். அரசுப் பள்ளிகளில் ஒன்று, இரண்டாம் வகுப்புக்குக் கிரேயானும், மூன்று முதல் ஐந்து வரை வண்ணப் பென்சிலும் விலையில்லாமல் வருகின்றன. சில பள்ளிகளில் அந்தப் பெட்டிகள் ஒடிந்துவிடும் என்று பீரோவுக்குள்ளேயே பத்திரமாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒடியட்டும். ஒடிந்த கிரேயானின் பட்டையை உரித்துப் படுக்கவைத்துத் தேய்த்தால் முழுக் கிரேயானில் வராத வேலையெல்லாம் வரும்.

சாமானைப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் வையுங்கள். வரைந்ததைப் பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். எல்லோருடையதையும். நல்லதாகப் பொறுக்கி ஒட்டுவதாக இருந்தால் ஒட்டவே வேண்டாம்.

டீச்சரின் வேலை என்ன? பக்கத்தில் உட்காருவது. "இது என்ன?" என்று கேட்காமல், "இதைப் பத்திச் சொல்லு" என்று கேட்பது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. முதல் கேள்வியில், எனக்குப் புரியவில்லை, நீ சரியாக வரையவில்லை என்று ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. பிள்ளை சொல்வதை அதன் வார்த்தையிலேயே தாளின் கீழே எழுதிவிடுங்கள். என் பேத்தி ஒருநாள் தாள் முழுக்கக் கறுப்பு அப்பிவைத்திருந்தாள். நானாக இருந்தால் பழைய புத்தியில் என்னவாவது சொல்லியிருப்பேன், நல்லவேளை, கேட்டேன். "கரன்ட் போயிருச்சு. உள்ள நாம எல்லாம் உக்காந்திருக்கோம்" என்றாள். எத்தனை பேர் என்று கேட்டேன். ஆறு பேர் என்றாள். பல்லியையும் சேர்த்து.

பெற்றோர் கேட்பார்கள் என்கிற பயம் உங்களுக்கு இருக்கும், தெரியும். பீஸ் கட்டுகிறவர்கள், பிள்ளை வீட்டுக்கு என்ன கொண்டுவருகிறது என்று பார்ப்பார்கள். கறுப்புத் தாளைக் கொண்டுவந்தால் முகம் சுளிப்பார்கள். கீழே அந்த வரி எழுதியிருந்தால் சுளிக்கமாட்டார்கள், பத்திரப்படுத்துவார்கள். என் மகள் அந்தத் தாளைப் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறாள். மயில் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. பூச்சி பிடித்திருக்கும், பயறு பாருங்கள்.

போட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத்திருவிழா நடக்கிறது. மேடையே பார்க்காத பிள்ளைகள் பறையும் கரகமும் கொண்டு ஏறுகிறார்கள், பெரிய காரியம், கை தட்டுகிறேன். ஆனால் அது கீழ் வகுப்புகளுக்கும் வந்ததில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு வண்ணம் தீட்டுவதில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்றால், கோட்டுக்கு வெளியே போகாமல் தீட்டியவனுக்குத்தான் போகும். தனியார் பள்ளிகளில் மாதம் ஒரு போட்டி நடக்கிறது, கேட்கவே வேண்டாம். இரண்டாம் வகுப்பு முடிகிறவரை இந்தப் பரிசு வேலையே இல்லாமல் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

அவ்வளவுதான். ஜூனில் நீங்கள் பள்ளி திறக்கிற சமயத்தில் எங்கள் ஊர்க் கண்மாய் வறண்டு கிடக்கும். களிமண் எடுக்க அதுதான் தோது. ராமநாதபுரம் பக்கத்துப் பள்ளி யாராவது சொல்லிவிட்டால், கல் பொறுக்கி, பிசைந்து, ஈரச்சாக்கில் சுற்றி ஒரு மூட்டை நானே பஸ்ஸில் போட்டுக் கொண்டுவருகிறேன். வகுப்பில் ஓர் ஓரமாக உட்காரச் சொன்னால் உட்காருவேன். பென்சிலை மட்டும் என் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓர் ஓவிய ஆசிரியர்